கைப்பேசி வாங்குமுன் காகிதம் எடுங்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். நான் இன்று ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது இப்போதும் உங்கள் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கிறது. ஏட்டில் கைப்பேசி என்று எழுதுகிறோம். வாயில் ஹேண்ட்போன் என்கிறோம். "இதையெல்லாம் மேடையில் பேச வேண்டுமா?" என்று யாராவது கேட்கலாம். பேசத்தான் வேண்டும், ஐயா. மாதக் கணக்கில் உழைத்த காசு அரை மணி நேரத்தில் கைமாறுகிற இடம் கைப்பேசிக் கடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு, மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. வாரத்திற்கு 6 நாள் வேலை என்றால், ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 65 வெள்ளி. 650 வெள்ளிக் கைப்பேசி என்பது 10 நாள் உழைப்பு. 2,600 வெள்ளிக் கைப்பேசி என்பது 40 நாள் உழைப்பு. 40 நாள் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, வெயிலிலும் மழையிலும் குலை வெட்டிய காசு அது. விலையை வெள்ளியில் பார்க்காதீர்கள், நாளில் பாருங்கள். அப்போது மனம் தானாக நிதானப்படும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் கடைக்குப் போகக் கூடாது. வீட்டிலே உட்கார்ந்து ஒரு காகிதம் எடுங்கள். "இந்தக் கைப்பேசி யாருக்கு? அவருக்கு அது என்ன வேலை செய்ய வேண்டும்?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு விதமான தேவை இருக்கும்.

பாட்டிக்கு என்ன வேண்டும்? பிள்ளைகளோடு பேச வேண்டும். அவசரம் என்றால் 999-ஐ அழைக்க வேண்டும். எண்கள் பெரியதாகத் தெரிய வேண்டும். மணி உரக்க அடிக்க வேண்டும். பொத்தான் வைத்த சின்னக் கைப்பேசியே போதும். ஆனால் ஒன்று கவனியுங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே பொத்தான் கைப்பேசியாக இருந்தாலும் 4ஜி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்திற்குப் போகிற அப்பாவுக்கு வேறு தேவை. காட்டுக்குள்ளே லைன் மங்கலாக இருக்கும். லைன் மங்கினால் கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும். அதனால் 5,000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள பேட்டரி இருப்பது நல்லது. வியர்வையும் மழையும் படும் என்பதால் நீர் காக்கும் தரத்தைக் கேளுங்கள். ஐ.பி.67 என்று போட்டிருந்தால், தூசு உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தரம் இல்லாவிட்டால், குறைந்தது நல்ல உறையும், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் வேண்டும்.

அம்மாவுக்கு என்ன வேலை? பள்ளியின் வாட்ஸ்அப் குழுவைப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். காசு சம்பந்தப்பட்ட வேலை இருப்பதால் மென்பொருள் பழையதாகிவிடக் கூடாது. "இந்த மாடலுக்கு இன்னும் எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மிகப் பழைய மாடல்களில் வாட்ஸ்அப்பும் ஒரு நாள் நின்றுவிடும். மலிவு என்று வாங்கி, அடுத்த ஆண்டே வேறு வாங்கினால் அது மலிவா?

இனிப் பிள்ளைகள். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, இல்லிருப்புக் கற்றல் எப்படி நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருந்த வீடுகள் உண்டு. அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பாடம் பார்த்த பிள்ளைகள் உண்டு. படிப்புக்குக் கைப்பேசி தேவைதான், அதை மறுக்கவில்லை. படிக்க வேண்டுமானால் திரை பெரியதாக இருக்க வேண்டும். பாடப் படங்களும் காணொளிகளும் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே 128 ஜிபி சேமிப்பு இருந்தால் நிம்மதி. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கென்று தனியாக ஒன்று வாங்குவதைவிட, வீட்டுக்குப் பொதுவாக ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்துப் பயன்படுத்தச் சொல்வது மேல். செலவும் குறையும், பிள்ளை என்ன பார்க்கிறது என்பதும் தெரியும்.

காகிதம் எழுதியாயிற்று. இப்போது கடைக்குப் போகலாம். கடைக்காரர் என்ன சொல்வார்? "அண்ணே, இது புது மாடல், கேமரா 108 மெகாபிக்சல், போனா வராது!" நீங்கள் காகிதத்தைப் பாருங்கள். அதில் கேமரா இருக்கிறதா? இல்லையென்றால் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். மெகாபிக்சல் எண் பெரியதாக இருப்பதால் மட்டும் படம் நன்றாக வராது. லென்சும் உள்ளே இருக்கும் உணரியும் நன்றாக இருக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை சில உண்டு. "மலேசியா செட்டா, ஏபி செட்டா?" என்று கேளுங்கள். ஏபி செட் விலை குறைவாக இருக்கும். ஆனால் அதற்குத் தயாரிப்பாளரின் உள்நாட்டு உத்தரவாதம் இல்லாமல் போகலாம், கடையின் உத்தரவாதம் மட்டுமே இருக்கும். சிரிம் முத்திரை உண்டா என்று பாருங்கள். *#06# என்று அழுத்தினால் திரையில் 15 இலக்க எண் ஒன்று வரும். அது பெட்டியில் அச்சிட்ட எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். பழைய கைப்பேசி வாங்குபவர்கள், முன்பு வைத்திருந்தவரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லையேல் பூட்டிய பெட்டியைச் சாவியில்லாமல் வாங்கிய கதைதான். அங்கேயே சிம் அட்டையைப் போட்டு ஒருவரை அழைத்துப் பேசிப் பாருங்கள். சார்ஜும் போட்டுப் பாருங்கள்.

எந்த நிறுவனத்தின் லைன் எடுப்பது? விளம்பரத்தைக் கேட்காதீர்கள், உங்கள் லயத்தில் அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். யாருக்கு வீட்டுக்குள்ளேயே லைன் கிடைக்கிறதோ, அந்த நிறுவனம்தான் உங்களுக்குச் சரி. எண் மாறிவிடும் என்ற கவலையும் வேண்டாம். 2008-ஆம் ஆண்டு முதல் பழைய எண்ணோடே நிறுவனம் மாறும் வசதி நம் நாட்டில் உண்டு.

தவணையைப் பற்றியும் ஒரு சொல். "மாதம் 59 வெள்ளிதானே" என்பார்கள். 24 மாதம் கட்டினால் 1,416 வெள்ளி. ரொக்கமாக 900 வெள்ளிக்குக் கிடைக்கும் பொருளாக இருந்தால், மீதி 516 வெள்ளி எதற்கு? அதில் இணையமும் பேச்சும் சேர்ந்திருந்தால் ஒருவேளை நியாயம். சேராவிட்டால் 8 நாள் உழைப்பு வீண். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பொருள் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால் நீங்கள் அனாதை அல்ல. பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. வழக்கறிஞர் தேவையில்லை, மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். ரசீது இல்லையென்றால் நியாயம் நம் பக்கம் இருந்தும் நிரூபிப்பது கடினம்.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களிடம் வருகிறேன். "எதிர்வீட்டுப் பையனிடம் இருக்கு, எனக்கும் வேணும்" என்று அழுதால் அப்பா எப்படியாவது வாங்கித் தந்துவிடுவார். கடன் வாங்கியாவது தந்துவிடுவார். ஆகவே கேட்பதற்கு முன், அது அவருக்கு எத்தனை நாள் வேலை என்று வகுத்துப் பாருங்கள். வகுத்தல் கணக்கு உங்களுக்குத் தெரியும். அதற்குத்தானே இன்று பரிசு வாங்கினீர்கள்!

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. பெட்டியின் மேல் இருப்பது ஆங்கிலம்; ஒப்பந்தத்தில் இருப்பது மலாயும் ஆங்கிலமும் பொடி எழுத்தில். உங்கள் அப்பாவோ பாட்டியோ அதைப் படிக்கச் சிரமப்படலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லுங்கள். எத்தனை மாதத் தவணை, இடையில் நிறுத்தினால் என்ன அபராதம், உத்தரவாதம் எத்தனை நாள் என்று நீங்கள் சொல்ல, அவர்கள் கேட்டுக் கையெழுத்துப் போடட்டும். இந்தப் பள்ளி உங்களுக்குக் கற்றுத் தந்த மூன்று மொழியும் அன்றைக்கு உங்கள் வீட்டுக் காசைக் காப்பாற்றும்.

பெற்றோர்களே, இன்றிரவே வீட்டில் காகிதம் எடுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.