ஊட்டி ரயில்ல ஏறி, ஊட்டிக்குப் போகாம

இந்த எபிசோட் நீலகிரி மலை ரயில் பத்தி. ஆனா நாங்க ரெண்டு பேரும் ஊட்டி வரைக்கும் போகல, குன்னூர்லயே இறங்கிட்டோம். கேக்குறதுக்குக் கஞ்சத்தனமாத் தெரியும். இல்லீங்க. தொண்டாமுத்தூர்ல இருந்து காரும் பேக்கேஜும் இல்லாம கிளம்பி, அன்னைக்கு ராத்திரியே வீடு திரும்பணும்னா இதுதான் சரியான கணக்கு.

ஏன் ராத்திரியே? வீட்டுல பாக்குத் தோட்டம், போளுவாம்பட்டிக் காட்டை ஒட்டி. இருட்டினா யானை இறங்கும். வீட்டுக்காரரு தோட்டத்துல இருந்தாகணும். எனக்குச் சரவணம்பட்டில ஐடி வேலை. நான் வீட்டுக்குள்ள நுழையுறப்ப அவரு டார்ச்சோட கிளம்பிட்டு இருப்பாரு. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்துல சேர்ந்தாப்புல அஞ்சு மணி நேரம் பேசினதில்ல. இதுல, பயணத்துக்கு நாலு நாள் முன்னாடி எனக்கு ஹைதராபாத்ல ஒரு வருஷ ப்ராஜெக்ட் வந்துச்சு. ஒரு வாரத்துல பதில் சொல்லணும்.

அத்தை கேட்டாங்க: "ரெண்டு பேரு மட்டுமா அம்மிணி? சித்தப்பா வீட்டாளுகளையும் கூட்டீட்டு ஒரு வேன் புடிச்சா செலவு பங்காயிருமல்லோ?" டிக்கெட் ரெண்டுதான் கிடைச்சதுன்னேன். உண்மைதான், நான் ரெண்டுதான் போட்டேன். இப்ப புக்கிங் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, அன்னைக்கே உக்காந்துடுங்க. ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் சேர்த்தே போட்டுடுங்க. இன்னொரு சௌகரியம், 2024 மே மாசத்துல இருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்குப் போற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும். ரயில்ல போறவங்களுக்கு அந்த வேலை இல்ல.

விடியக்காலம் மூணே முக்காலுக்கு பைக். பேரூர் தாண்டி கோவை ஜங்ஷன்ல வண்டியப் போட்டோம். சென்னையில இருந்து வர்ற நீலகிரி எக்ஸ்பிரஸ் அஞ்சு மணி வாக்குல வரும், அதுல மேட்டுப்பாளையம். மலை ரயில் 7:10க்கு.

மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். குன்னூர் வரைக்கும் 1899ல ஓடுச்சு, ஊட்டிக்கு 1908ல நீட்டினாங்க. நீராவி இன்ஜின், தண்டவாளத்து நடுவுல இருக்குற பல்சட்டம், இந்த வித்தையெல்லாம் குன்னூரோட முடிஞ்சிடுது. அதுக்கு மேல டீசல்தான். கல்லார் தாண்டினதும் பன்னெண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். இன்ஜினோட பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கடிச்சுக் கடிச்சு ஏறுது. இன்ஜின் முன்னாடி இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும். பெட்டி கழண்டாலும் பின்னாடி உருண்டுடக் கூடாதில்ல. ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோட நிக்கிறாரு. சைக்கிளே முந்திடும் போல இருக்கும். எனக்கு அந்த வேகம்தான் வேணும்.

போன்ல சிக்னல் போயிடுச்சு. ஹில்குரோவ்ல இன்ஜின் தண்ணி குடிக்க நின்னப்ப, ஒரு குரங்கு பக்கத்து சீட்டு அக்காவோட வடையைப் புடுங்கிட்டு ஓடுச்சு. எல்லாரும் சிரிச்சு அடங்கினதும் அவரே கேட்டாரு: "ஹைதராபாத் போகோணும்னு ஆசையா இருக்குதா, இல்ல பயமா இருக்குதா?"

ரெண்டும்னேன். "நான் போனா நீங்க கோவப்படுவீங்களா?"ன்னு கேட்டேன். ரெண்டு குகை தாண்டுற வரைக்கும் பதில் வரல. குகைக்குள்ள வேற எல்லாரும் கத்துறாங்க, அதுல அவரு முகமும் தெரியல.

குன்னூர் ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்டு நடக்குற தூரம். அங்கிருந்து 1874ல தொடங்கின சிம்ஸ் பார்க். சரிவுல மரத்தடி கிடைச்சுது, கொண்டுபோன தக்காளி சாதத்தைப் பிரிச்சோம். வியூ பாயிண்ட் எதுக்கும் போகல. கடைத்தெருவுல அத்தைக்கு வர்க்கி வாங்கினோம். மூணே காலுக்குக் கீழ இறங்குற ரயில்.

இறங்கும்போதுதான் அவரு பதில் சொன்னாரு. கோவமெல்லாம் இல்லையாம். ராத்திரி காவலுக்கு மாமாவை மட்டும் விட முடியாதேங்கிறதுதான் யோசனை. "மாசம் ஒருக்கா நான் வர்றேன். அந்த ரெண்டு ராத்திரிக்குத் தோட்டத்துக்கு ஆள் போடோணும். கூலி நீதான் குடுக்கோணும்."

இப்படி ஒரு டீலை நான் ஆபீஸ்ல கூடப் பார்த்ததில்ல. சரின்னேன்.

மேட்டுப்பாளையத்துல இருந்து கோவைக்கு லோக்கல் ரயில், அப்புறம் பைக். அத்தை வர்க்கியை உடைச்சுக்கிட்டே "ஊட்டி எப்படி அம்மிணி?"ன்னாங்க. குன்னூர்னு சொன்னதை அவங்க நம்பவே இல்ல.

ஒரே ஒரு தகவல் மட்டும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழையில மண் சரிஞ்சு ரயில் அடிக்கடி ரத்தாகும். கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்குங்க.

இதை நான் ரெக்கார்ட் பண்றது ஹைதராபாத் ரூம்ல இருந்து. வர்ற சனிக்கிழமை அவரு வர்றாரு. ஆள் கூலி அனுப்பியாச்சு.