ஆசிரியர் அறையில் சார்ஜ் போட ஓர் இடம்
(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலை வருகைப் பதிவு முதல் எண்ணும் எழுத்தும் மதிப்பீடு வரை இன்று எல்லாமே செயலியில்தான். 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் வழங்கப்பட்டது. கருவிகள் கூடிவிட்டன; பல ஆசிரியர் அறைகளில் ப்ளக் பாயிண்ட் மட்டும் கூடவில்லை. ஒன்று கதவோரச் சுவிட்ச் போர்டில், நின்று கை நீட்டும் உயரத்தில் இருக்கும். இன்னொன்று பீரோவுக்குப் பின்னால், தரையை ஒட்டி இருக்கும்.

எங்கள் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். இரண்டு பாயிண்டுமே அவருக்கு எட்டாது. “சார், இதைக் கொஞ்சம் மாட்டி விடுங்க” என்பார். யாரும் மறுத்ததில்லை. ஆனால் மணி அடித்ததும் எல்லாரும் வகுப்புக்குப் போய்விடுவோம். கழற்றிக் கொடுக்க ஆள் இருக்காது. ஒருநாள் அவர் கேட்பதை நிறுத்திவிட்டுப் பவர் பேங்க் வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் பாயிண்ட் எங்கே இருக்க வேண்டும் என்ற பேச்சே எங்கள் பள்ளியில் வந்தது.

அமர்ந்திருப்பவரின் கை எட்டும் எல்லையைத் தரையிலிருந்து 15 அங்குலம் முதல் 48 அங்குலம் வரை என்று அமெரிக்க அணுகல் விதிகள் வகுத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், மேசைப் பலகைக்குச் சற்று மேலே, 30 முதல் 36 அங்குலம் நல்லது. குனியவும் வேண்டாம், எட்டிப் பிடிக்கவும் வேண்டாம். போனை வைக்க மேசையும் இருக்கிறது. அறையின் மூலையில் மட்டும் வைக்காதீர்கள். நாற்காலியின் கால்தாங்கி சுவரில் இடிக்கும், கை போய்ச் சேராது. மேசைக்குக் கீழே முழங்கால் நுழையவும் இடம் வேண்டும். நாம் கோட்டை விடுவது இங்கேதான்: பாயிண்டைச் சரியாக வைத்துவிட்டு, அதன் முன்னால் விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவிடுகிறோம்!

பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியருக்குப் போன்தான் கண். திரையை வாசித்துச் சொல்லும் ‘டாக்பேக்’ நாள் முழுதும் ஓட வேண்டும். அவருக்குப் பாயிண்ட் என்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்; வெள்ளைப் பலகையில் வெள்ளைச் சுவிட்ச் வேண்டாம்; நடைவழியில் ஒயர் கிடக்கவே கூடாது. ரீசார்ஜ் செய்யும் காதொலிக் கருவி அணிபவருக்கு அதன் பெட்டியைப் பத்திரமாக வைக்க ஒரு சிறு தட்டு போதும்.

மின்சுமை தாங்குமா என்று கேட்பீர்கள். 20 வாட் போன் சார்ஜர் 10, 65 வாட் மடிக்கணினி சார்ஜர் 3 என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 395 வாட்தான். 6 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றே 230 வோல்டில் 1380 வாட் தாங்கும். 1500 வாட் டீ கெட்டிலை அதில் செருகுவதுதான் ஆபத்து. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டுவதும் அப்படியே. எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள்.

இதைச் சலுகையாக யாரும் கேட்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவு, அரசு நிறுவனங்கள் தம் பணியாளருக்குத் தடையற்ற சூழலை அமைத்துத் தர வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடும்போது அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

எலக்ட்ரீசியன் சுவரைத் துளைப்பதற்கு முன்னால், யாருக்காக வைக்கிறோமோ அவரை அங்கே உட்கார வைத்து, கை எட்டும் இடத்தில் சாக்பீஸால் குறி போடச் சொல்லுங்கள். எங்கள் அறையில் அந்த ஆசிரியை போட்ட குறி 32 அங்குலத்தில் இருந்தது. அங்கே நான்கு பாயிண்ட் வைத்தோம். மூட்டுவலிக்காரரான எங்கள் கணித ஆசிரியர் இப்போது அதைவிட்டு நகர்வதே இல்லை. நாற்காலி வரும்போது எழுந்து இடம்விட வேண்டும் என்று ஒரு தாள் எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று. அளவுகளோடு வரைந்த படம் என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் இடைவேளையில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.