ஒரு துளை, ஐந்து கைகள்



பழைய வீடியோ விளையாட்டுப் பொறிகளில் எத்தனை பேர் ஆடலாம் என்பதை, அவற்றின் முகப்பிலிருந்த துளைகளே முடிவு செய்தன. 1987இல் யப்பானில் வெளிவந்த பீ.சீ. எஞ்சினுக்கு ஒரே துளைதான். மல்டிடாப் என்னும் இணைப்புப் பெட்டியை அதிற் செருகியதும் ஐவர் ஆட முடிந்தது. நின்டெண்டோவின் என்.ஈ.எஸ். பொறிக்கு இரு துளைகள். 1990இல் வந்த ஃபோர் ஸ்கோர் என்னும் பெட்டி நால்வருக்கு இடமளித்தது.

இஃது எங்ஙனம் இயன்றது? முறை வைத்துப் பேசுவதனால்தான். ஃபோர் ஸ்கோரில், முதலாமவரின் 8 பொத்தான்களின் நிலை ஒவ்வொன்றாகப் பொறிக்குச் செல்லும். அதன்பின் அதே வழியால் மூன்றாமவரின் 8 பொத்தான்கள் பேசும். இறுதியில், "பெட்டி இங்கே உளது" என்னும் அடையாளக் குறி செல்லும். இரண்டாமவரும் நாலாமவரும் மற்றத் துளையை இவ்வாறே பகிர்ந்துகொள்வர். இவையாவும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. நால்வருக்கென எழுதப்படாத விளையாட்டு, முதல் 8 நிலைகளைக் கேட்டதும் செவியை மூடிக்கொள்ளும். மூன்றாமவர் எவ்வளவு அழுத்தினும் திரையில் எதுவும் அசையாது. ஆகவே, பழைய பொறிக்குப் பெட்டி வாங்க விரும்பும் இளைஞர்கள், விளையாட்டு அதனை ஏற்குமா என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1996இல் வந்த நின்டெண்டோ 64 தன் முகப்பிலேயே நான்கு துளைகளைக் கொண்டிருந்தது. பெட்டி காட்டிய வழியைப் பொறியே ஏற்றுக்கொண்டது. எனினும் பெட்டி புகட்டிய பாடம் பழையதாகவில்லை: இடங்கொடுத்தல் வேறு, செவிகொடுத்தல் வேறு. இரண்டும் சேர்ந்தாலன்றி, பார்த்திருப்பவன் ஆடுபவன் ஆகான்.