வெட்டிவிட்ட சோடியம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர்களைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, கொழுப்பு என்று பயமுறுத்துவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அதை விட்டுவிடுவோம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உயர்தரம் எழுதிய எங்கள் வகுப்பு, இரசாயன ஆய்வுகூடத்தில் படித்த ஒரு சின்ன விடயத்தை மட்டும் சொல்ல வந்திருக்கிறோம். தேறிய அயன் சமன்பாடு. (பின்வரிசையில் கலைப்பிரிவு அக்காமார் பெருமூச்சு விடுவது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.)

வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை உப்புக் கரைசலுக்குள் விட்டால் தயிர் போல வெள்ளை வீழ்படிவு வரும். ரீச்சர் முதலில் முழுச் சமன்பாட்டை எழுதச் சொல்வார். பிறகு, நீரில் கரைந்திருப்பவற்றை அயன்களாகப் பிரித்து எழுத வேண்டும். கரையாத வெள்ளிக் குளோரைட்டைப் பிரிக்கக் கூடாது. அசற்றிக்கமிலம் போன்ற மென்னமிலங்களையும் பிரிக்கக் கூடாது, அவை பெரும்பாலும் மூலக்கூறாகவே நிற்கும். எங்களில் பாதிப்பேர் புள்ளி இழந்தது இந்த இடத்தில்தான். அதன்பின், இரு பக்கமும் மாற்றமில்லாமல் நிற்கும் அயன்களைக் கோடு போட்டு வெட்டுவோம். மிஞ்சுவது இவ்வளவுதான்:

வெள்ளி அயன் + குளோரைட்டு அயன் → வெள்ளிக் குளோரைட்டு (திண்மம்)

வெட்டுப்பட்ட சோடியத்துக்கும் நைத்திரேற்றுக்கும் பெயர் ‘பார்வையாளர் அயன்கள்’.

அந்த நாட்களில் வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டு எண்ணித்தான் தருவார்கள். கபில நிறப் போத்தலில் அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். விரலில் பட்டால் கறுத்துவிடும், நாட்கணக்கில் போகாது. அந்தக் கறுத்த விரலோடு விடுதிச் சாப்பாட்டு மேசையில் இருப்பது எங்களுக்குப் பெரிய பெருமை.

வகுப்பில் குச்சவெளிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். விடுதியில் இருந்தவள். வீதி திறந்திருந்தால்தான் வீடு போவாள். ஒருநாள் அவள் எழும்பிக் கேட்டாள்: “ரீச்சர், வெட்டின சோடியம் எங்க போனது?”

வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. “எங்கயும் போகேல்ல பிள்ளை. சோதனைக் குழாய்க்குள்ளதான் நிக்குது. இந்தத் தாக்கத்தில அதுக்கு வேலை இல்ல, அவ்வளவுதான்” என்றார். நாங்கள் அதைக் கொப்பியில் எழுதவில்லை. சோதனைக்கு வராது என்று தெரியும்.

2004 டிசம்பர் 26 வந்தது. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று புல்மோட்டை வீதியோரம் முழுவதும் கடல் ஏறியது. தைமாதம் நாங்கள் சிலர் குச்சவெளிக்குப் போனோம். மருத்துவபீட மாணவிகளாக இருந்தவர்கள் முகாமில் மருந்து கொடுத்தோம். குச்சவெளித் தோழி அப்போது இரசாயனம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தாள். அவளிடம் ஒரு கபிலப் போத்தல் இருந்தது.

கிணறு கிணறாகப் போனோம். எல்லாத் தண்ணீரும் வெள்ளையாகக் கலங்கியது. கடலுக்கு எட்டத்தில் இருந்த நல்ல கிணறுகூடக் கலங்கியது! குளோரைட்டு இல்லாத கிணறு எங்கே இருக்கிறது? கலங்கல், இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. பிறகு பொற்றாசியம் குரோமேற்றைக் காட்டியாக விட்டு, செங்கல் நிறம் வரும்வரை நியமித்தாள். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைட்டு. 250ஐத் தாண்டினால் நாக்குக்கு உப்புத் தெரியத் தொடங்கும். ஒரு வாளி கடல்நீர் எழுபத்தைந்து வாளி நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அன்றைக்கு மணலில் கணக்குப் போட்டோம்.

இடையில் ஒன்று. உதவிக்கு வந்தவர்கள் இயந்திரம் வைத்துக் கிணறுகளை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். நல்ல மனம்தான். ஆனால் மணற்பாங்கான கரையில் நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். கிணறுகளைக் கழுவியது கடைசியில் மழைதான்.

ஒரு வீட்டுக் கிணற்றில் 900 அளவில் வந்தது. அந்த வீட்டு ஆச்சி, “கொஞ்சம் கரிக்குது பிள்ளையள், ஆனா பழகிட்டுது, குடிச்சா என்ன?” என்று கேட்டா. கிருமி இல்லாதபடி குளோரின் தூள் போட்டாயிற்று, வயிற்றோட்டம் வராது என்ற நிம்மதியில், “வேற தண்ணி வரும்வரைக்கும் குடியுங்கோ ஆச்சி” என்றோம். ஆச்சி இதய நோயாளி. அதுவும் எங்களுக்குத் தெரியும். மருந்துத் துண்டைப் பார்த்திருந்தோம்.

பத்து நாளில் ஆச்சிக்கு இரண்டு காலும் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. அன்றிரவு தோழி கேட்டாள்: “குளோரைட்டை அளந்தமே, சோடியத்தை யார் பார்த்தது?”

கடல்நீர் விகிதப்படி குளோரைட்டு 900 என்றால் சோடியம் 500 வரும். வெயிலில் மூன்று லீற்றர் குடித்தால் 1,500 மில்லிகிராம். சுகதேகியான ஒருவருக்கே ஒருநாள் முழுவதற்கும் 2,000க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் நிவாரணத்தில் வந்த ரின் மீனும் பிஸ்கற்றும். தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று இன்றைக்கும் எங்களால் சொல்ல முடியாது. ஆனால் உடம்பில் நீரைத் தேக்கியதில் பெரும்பங்கு, நாங்கள் பத்து வருடமாகக் கோடு போட்டு வெட்டிப் பழகிய அதே அயனுக்கு.

ஆச்சியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நீர் போகும் மருந்தோடு தேறி வந்தா. பவுசர் தண்ணீரில் முதற்பங்கு அவவுக்கு என்று முகாமில் சொல்லிவைத்தோம். அதன்பிறகு எங்கள் கிணற்றுப் பட்டியலில் இரண்டு நிரல்கள் இருந்தன: குளோரைட்டு ஒன்று, அந்த வீட்டில் இதய நோய், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இன்னொன்று. அதை முதல்நாளே கீறியிருக்கலாம்.

இன்று அந்தத் தோழி தன் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இரசாயனம் படிப்பிக்கிறாள். அயன்களை வெட்டச் சொல்கிறாள். வெட்டியவற்றை ஓரத்தில் திரும்ப எழுதி, ‘குழாய்க்குள் நிற்பவை’ என்று தலைப்புப் போடவும் சொல்கிறாள். பரீட்சையில் அதற்குப் புள்ளி இல்லை என்று பிள்ளைகள் முறைப்பாடு செய்கிறார்களாம். முன்வரிசையில் இருக்கும் ரீச்சர், இது உங்களுடைய பதில்தான். நாங்கள்தான் கொப்பியில் எழுதாமல் விட்டோம்.