பொருளியலிலும் ஒரு கலாநிதி வேண்டும்



வெலிமடையில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் "டாக்டராகு" என்கிறோம். நாங்கள் சிலர் அப்படியே ஆனோம். ஆனால் கொழுந்து பறிக்கும் தாய்க்கு இரத்தச்சோகை என்றால் எங்களால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கத்தான் முடிகிறது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டது. அது அந்தத் தாயின் சாப்பாட்டில் எதை மாற்றியது என்று அளந்து சொல்லப் பொருளியலாளர் வேண்டும். பெண்களின் உழைப்பையும் ஊதியத்தையும் ஆராய்ந்த க்ளோடியா கோல்டினுக்கு 2023இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் தோட்டத்துப் பெண்களின் கணக்கை எங்கள் பிள்ளை ஒருத்தி எழுத வேண்டாமா?

விருப்பமுள்ள தங்கைகளே, கணிதத்தைக் கைவிடாதீர்கள். கலைப்பிரிவில் பொருளியல் படித்தாலும், பல்கலைக்கழகம் போனதும் நுண்கணிதம், அட்சரகணிதம், புள்ளிவிபரவியல் மூன்றையும் தேடிப் படியுங்கள். கலாநிதிப் படிப்பின் முதல் வருடத்தில் இவை இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது.

அமெரிக்காவில் இளமாணி முடித்தே சேரலாம். ஐந்தாறு வருடம் எடுக்கும். நல்ல பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. ஐரோப்பாவில் பொதுவாக முதுமாணி முதலில் வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், உங்கள் கேள்வியை ஆராயும் பேராசிரியர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் ஆய்வை அருகிருந்து கண்ட விரிவுரையாளரிடமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

விண்ணப்பக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் தடையாக இருந்தால் தயங்காமல் எங்களிடம் வாருங்கள். அதற்குத்தானே இந்தச் சங்கம்!