நத்தார் விடுமுறையில் ஒரு தேசப்பட நூல்

விடுமுறைக் கால வாசிப்பு என்றதும் கதைப் புத்தகமே பலர்க்கும் நினைவில் வரும். 1910ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், ஜேர்மனியிலே ஓர் ஆசிரியரின் உள்ளத்தைக் கவர்ந்தது கதையுமன்று, கவிதையுமன்று. அது ஒரு தேசப்பட நூல்.

அவர் பெயர் அல்பிரட் வெகெனர். வானியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். கிறீன்லாந்தின் பனிவெளியில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்து மீண்டவர். அப்பொழுது வயது முப்பது. மார்பேர்க் சர்வகலாசாலையில் வளிமண்டலவியல் கற்பித்து வந்தார். அடுத்த அறையிலிருந்த நண்பர்க்கு, அந்திரே என்பாரின் பெரிய தேசப்பட நூல் நத்தார்ப் பரிசாகக் கிடைத்தது. இருவரும் மணிக்கணக்காக அதன் பக்கங்களைப் புரட்டி மகிழ்ந்தனர். விரிவுரைக்காகவன்று, படங்களின் அழகுக்காகவே. கடமைக்காகப் படிப்போர் பெரும்பாலும் தாம் தேடியதையே காண்பர். தேடாதது கண்ணிற்படுவதற்கு இத்தகைய ஓய்வு வேண்டும்.

தென்னமெரிக்காவின் கீழைக்கரையும் ஆபிரிக்காவின் மேலைக்கரையும் ஒன்றோடொன்று பொருந்துவன போல வெகெனருக்குத் தோன்றின. இதனை முதலிற் கண்டவர் அவரல்லர். ஓர்ட்டேலியசு என்னும் தேசப்பட வல்லுநர் 1596இலேயே இதனைக் குறித்திருந்தார். ஆயின், கரையோரங்களை விடுத்து, கடல் ஆழ்ந்து இறங்கும் விளிம்புகளை ஒப்பிட்டால் பொருத்தம் மேலும் செவ்விதாகும் என்று வெகெனர் கண்டார். அக்குளிர்காலத்திலேயே, பின்னர்த் தம் மனைவியாகிய எல்சேக்கு இதனை எழுதினார்.

எண்ணம் பிறந்ததேயன்றி, அதனை அவர் நம்பினாரல்லர். நிகழவியலாதது என ஒதுக்கிவைத்தார். 1911 இலையுதிர் காலத்தில் தற்செயலாக வேறொரு வாசிப்பு வாய்த்தது. பிறேசிலிலும் ஆபிரிக்காவிலும் கிடைத்த பண்டைய உயிர்ச்சுவடுகளின் ஒற்றுமையை எடுத்துரைத்த தொகுப்புரை அது. இடையே இருந்த நிலப்பாலம் கடலில் அமிழ்ந்துவிட்டது என்பதே அந்நாளைய அறிஞர் பலரின் விளக்கம். தமிழர் பலரும் அறிந்த இலெமூரியா என்னும் பெயருங்கூட, இத்தகையதொரு விளக்கத்திற்காக 1864இல் பிலிப்பு சிலேற்றர் என்பார் இட்டதே. வெகெனரோ, பாலம் எதுவும் அமிழவில்லை, கண்டங்களே விலகின என்றார். கிழிந்த செய்தித்தாளை ஓரம் பார்த்துச் சேர்த்தபின், அச்சிட்ட வரிகளும் தொடர்கின்றனவா என்று நோக்குவது போல, இருகரைப் பாறைகளையும் அவர் ஒப்பிட்டார்.

எல்சேயின் தந்தையார் கோப்பன், காலநிலையியலிற் பெரும் புகழ் பெற்றவர். சொந்தத் துறையை விட்டு அயற்றுறையில் நுழைய வேண்டாமென அவர் எச்சரித்தார். அன்பினாற் கூறியதே, ஆயினும் பயன்படவில்லை. 1912 சனவரி 6ஆம் நாள் பிராங்போட் நகரிலே புவிச்சரிதவியலாளர் முன்னிலையில் வெகெனர் தம் கருத்தை வெளியிட்டார். போரிற் காயமுற்று விடுப்பிலிருந்த காலத்தில் அதனை நூலாக்கினார். அது 1915இல் வெளிவந்தது. கோப்பனும் மனம் மாறி, 1924இல் அவரோடு இணைந்து ஒரு நூல் எழுதினார்.

துறை வல்லுநர் பெரும்பாலோர் மனம் மாறவில்லை. அவர்தம் மறுப்பில் நியாயமும் இருந்தது. கண்டங்களை நகர்த்துவனவாக வெகெனர் காட்டிய விசைகள் மிகச் சிறியன. 1930 நவம்பரில், ஐம்பது வயது நிறைந்த சின்னாட்களில், கிறீன்லாந்துப் பனியிலேயே அவர் உயிர் துறந்தார்.

கடற்றளம் விரிந்துசெல்லும் உண்மை 1960களிலேதான் துலங்கியது. 1965இல் புல்லாட் என்னும் ஆங்கில விஞ்ஞானியும் அவர்தம் துணைவரும் கணினியின் உதவியுடன் இரு கண்டங்களையும் பொருத்திப் பார்த்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது கரையோரத்தையன்று. கடலடியில் ஏறக்குறைய 900 மீற்றர் ஆழத்திலுள்ள விளிம்பையே.