நிரல்மொழிகளின் கொடிவழி: சாயலும் சான்றும்

(ஜொகூர் பாருவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

  

நான் என்ன பேசப்போகிறேன் என்பது முன்வரிசை நண்பர்களுக்குத் தெரியும். நிரல்மொழிகளுக்கு மூலம் சமஸ்கிருத இலக்கணி பாணினி என்பார் ஒருவர். தொல்காப்பியம் என்பார் இன்னொருவர். பாணினிக்குச் சான்றாக, 1967-இல் பீட்டர் இங்கர்மன் எழுதிய கடிதத்தை எடுத்து நீட்டுவார்கள். நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுதப் பயன்படும் பேக்கஸின் குறியீட்டு முறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்கலாமே என்பதுதான் அவர் கேட்டது. முன்னவருக்கு மரியாதை செய்வது வேறு, தகப்பன் என்று சாதிப்பது வேறு. 1959-இல் அந்த முறையை முன்வைத்த ஜான் பேக்கஸ், கணிதவியலாளர் எமில் போஸ்டிடமிருந்து அதை எடுத்ததாகப் பின்னாளில் சொன்னார். பேக்கஸின் மேசையில் பாணினியின் அஷ்டாத்யாயி இருந்ததென்று யாராவது காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

சாயல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு அவ்வளவு தொலைவு போக வேண்டாம். சி மொழியின் ++ குறியைப் பாருங்கள். ஒரு மாறியின் மதிப்பை ஒன்று கூட்டும் குறி. பிடிபி-11 கணினியில், ஒரு முகவரியைப் பயன்படுத்தியதும் அது தானே அடுத்த இடத்துக்கு நகரும் வசதி உண்டு. பின்னோக்கி நகர்வதும் உண்டு. சி வளர்ந்ததும் அந்தக் கணினியில்தான். ஆகவே ++, -- இரண்டும் அந்த வன்பொருளின் வாரிசுகள் என்று பாடம் நடத்துகிறோம். கேட்கவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆண்டு இடிக்கிறது. இக்குறிகள் சி-க்குத் தாயான பி மொழியிலேயே வந்துவிட்டன. கென் தாம்சன் அதை 8,000 சொச்சம் நினைவகச் சொற்களே கொள்ளும் பிடிபி-7-இல் எழுதியபோது பிடிபி-11 பிறக்கவே இல்லை. சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்ச்சியே 1993-இல் இதை எழுதிவிட்டார். நம் வகுப்பறைகளுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

‘பிடிபி-7-இலும் தானே கூட்டிக்கொள்ளும் நினைவகக் கட்டங்கள் இருந்தனவே, அதுவும் வன்பொருள்தானே?’ என்று ஒரு நண்பர் மடக்கினார். இருந்தன, எட்டே எட்டு. தூண்டுதல் அங்கிருந்து வந்திருக்கலாம் என்று ரிட்ச்சியும் சொல்கிறார். ஆனால் அவை கூட்டுமே தவிரக் குறைக்காது. பிறகு -- எங்கிருந்து வந்தது? மாறிக்கு முன்னும் பின்னும் குறியை வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அவை தாம்சனின் கைவேலை. குறிகளை நிறைவேற்ற அந்தக் கட்டங்களை அவர் பயன்படுத்தவும் இல்லை. ‘க = க + 1’ என்று எழுதினால் வரும் இயந்திரக் கட்டளைகளைவிட ‘++க’ தருவது சிறியது. இடநெருக்கடியில் வேலை பார்த்தவருக்கு அதுதான் பெரிய காரணமாக இருந்திருக்கும் என்பது ரிட்ச்சியின் கணிப்பு, என்னுடையதும் அதுவே.

சி-யின் தாள்வழி மரபோ தெளிவாகவே கிடக்கிறது: அல்கால் 60, அதிலிருந்து சிபிஎல், 1967-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் பிசிபிஎல், பிறகு பி, 1972 வாக்கில் சி. ஒவ்வொரு படியிலும் யார் கையில் யாருடைய ஏடு இருந்தது என்று சொல்ல முடிகிறது.

கோபால், லிஸ்ப் ஆகிய மொழிகள் பற்றிப் பேச நேரமில்லை. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி பற்றி மட்டும் ஒன்று. பைத்தானில் எழுதப்பட்டதால் அதைப் பைத்தானின் தமிழாக்கம் என்கிறார்கள். எழிலில் நிபந்தனை முன்னே வரும், ‘ஆனால்’ என்ற சொல் பின்னே வரும், பைத்தானில் தலைகீழ்; ஆகவே வெறும் தமிழாக்கம் அல்ல. இந்த வேறுபாட்டை யாராவது முனைவர் பட்டத்துக்கு எடுக்கலாம்.

சாயலை விட்டுச் சான்றைத் தேடுவதென்றால், மலேசிய அலுவலகங்களில் தூங்கும் கோபால், ஃபோர்ட்ரான் துளை அட்டைகளையும் பயிற்சிக் குறிப்புகளையும் திரட்ட வேண்டும். ஸ்கூடாய்ப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கலாம். ஓய்வுபெற்ற நிரலர்களின் வாய்மொழியையும் பதிவு செய்யலாம். பிசிபிஎல் கையேட்டுக்குத் தமிழ் உரை ஒன்றும் தேவை. மற்றவை கேள்வி நேரத்தில்.